ராஜகோபாலுக்கு என்ன பிடிக்கும்?

ஹைதராபாத் கச்சிபௌலியில் உங்கள் அலுவலகத்துக்கு ஒரு நாள் வந்து பேசச் சொன்னீர்கள், வந்தேன். வீட்டிலிருந்து கிளம்பி உங்கள் ஆறாவது மாடியில் பேச எழுவதற்குள் என்னிடம் ஐந்து முறை "பிடித்திருந்ததா?" என்று கேட்டுவிட்டார்கள். கார் ஓட்டுநர் நட்சத்திரம் கேட்டார். வாசல் காவலர் ஒரு திரையைக் காட்டினார். காபி இயந்திரம் சிரிக்கும் முகம் ஒன்றையும் அழும் முகம் ஒன்றையும் காட்டி எதையாவது தொடச் சொன்னது. கழிப்பறை வாசலிலும் அதே இரண்டு முகங்கள். ஐந்தாவதாக உங்கள் நிர்வாகப் பெண், "ஹால் பிடிச்சிருக்கா சார்?" என்றாள். ஏ.சி. காற்று நேராகப் பிடரியில் அடிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். "தேங்க்யூ சார்" என்று சிரித்துவிட்டுப் போனாள். நான் பேசி முடிக்கும்வரை காற்று பிடரியிலேயேதான் அடித்தது.

போகட்டும். அன்று கேள்வி நேரத்தில் உங்களில் ஒருத்தி எழுந்து, "சார், ஒருத்தர் சொன்னத அப்படியே மொழிபெயர்த்தா அவருக்கே ஆபத்துன்னா என்ன பண்றது?" என்று கேட்டாள். "அப்படியே சொல்லணும்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். கீழே கார் காத்துக்கொண்டிருந்தது. மேம்பாலத்தில் நெரிசல் ஆரம்பித்துவிடுமே என்ற கவலை. நான் சொன்னது அரைப் பதில்தான். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஸ்பானிஷ் பேசுபவருக்கும் இங்கிலீஷ் பேசுபவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அரைப் பதில் போதாது. மீதியை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. மல்லாபூர்ப் பக்கம், பெரிய பம்புகள் செய்யும் அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தேன். தென் அமெரிக்காவிலிருந்து ஆர்டர்கள் வரத் தொடங்கியபோது, பிரிவில் யாராவது ஒருவர் ஸ்பானிஷ் படிக்க வேண்டும் என்றார்கள். மற்றவர்களுக்கெல்லாம் அந்த வாரமே முதுகுவலி வந்தது. எனக்கு வரவில்லை. மாலை வகுப்பில் சேர்ந்தேன், படித்தேன், 'ஸ்பானிஷ் காரு' ஆனேன். 'காரு' என்பது பெயருக்குப் பின்னால் தெலுங்கில் போடும் மரியாதைச் சொல். எங்கள் ஜெனரல் மேனேஜர் தெலுங்குக்காரர். மரியாதையைக் குறைக்காமல் கிண்டல் செய்யத் தெரிந்தவர். அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் அவரேதான். அவர் பேச்சு பாதி தெலுங்கும் பாதி இங்கிலீஷுமாக இருக்கும். இங்கே தமிழாக்கி எழுதுகிறேன்.

பெரு நாட்டுச் சர்க்கரை ஆலை ஒன்று எங்களிடம் பம்புகள் வாங்கியது. எங்கள் இஞ்சினியர் ஒருவர் அங்கேயே இரண்டு வருடம் தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆளை அவர்களே வந்து பேசித் தேர்ந்தெடுப்பார்கள். ஐந்து பேரைப் பொறுக்கி, ஷிப்ட் முடிந்ததற்கும் ஸ்டாஃப் பஸ் கிளம்புவதற்கும் இடையில் அவர்களுக்கு ஸ்பானிஷ் கற்றுக்கொடு என்று என்னிடம் விட்டார்கள்.

வெளிநாட்டு வேலை என்றால் அந்தக் காலத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாது. திரும்பி வரும்போது டேப் ரெக்கார்டர், தைக்கும் மிஷின், மச்சினனுக்குக் கைக்கடிகாரம். ஐந்து இடத்துக்கு நாற்பத்தோரு பேர் சிபாரிசு பிடித்தார்கள். சிபாரிசே பிடிக்காமல் பட்டியலில் வந்தவர் ஒருவர்தான். அவர் ராஜகோபால்.

ரயில்வே காலனித் தமிழ்க் குடும்பம். மூன்று தலைமுறையாக இந்த ஊர். தமிழ் பேசும்போதே 'ஹவ்' போட்டுப் பேசுவார். ஹைதராபாத்தில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம். ராஜகோபால் வாயில் ஹவ் நிறைய உண்டு. நக்கோவை நான் கேட்டதில்லை. எந்த அணைக்கட்டில் பம்பு நின்றாலும், எந்தச் சுரங்கத்தில் தண்ணீர் ஏறினாலும், "ராஜகோபாலை அனுப்புங்க, அவருக்கு எல்லா ஊரும் பிடிக்கும்" என்பார் ஜி.எம். ராஜகோபாலும் "ஹவ் சார்" என்று கிளம்பிவிடுவார்.

இரண்டாவது வாரம் விருப்பு வெறுப்புப் பாடம். உங்களுக்கெல்லாம் அது தண்ணீர் பட்ட பாடு. இருந்தாலும் கிழவன் சொல்வதைக் கேளுங்கள். "பயப்படாதீங்க, இது நம்ம வீட்டுப் பாடம்" என்றேன் அவர்களிடம். "எனக்கு காபி பிடிக்கும்னுதானே சொல்றோம்? அவங்களும் அப்படித்தான். மே குஸ்தா எல் கஃபே. மே, எனக்கு. தே, உனக்கு. லே, அவருக்கு. நோஸ், நமக்கு. லெஸ், அவங்களுக்கு. நாம காபிய ஒண்ணும் பண்றதில்ல. காபிதான் வந்து நமக்குப் பிடிக்குது." மாம்பழம் ஒன்று என்றால் குஸ்தா, பல என்றால் குஸ்தான். நம் 'பிடிக்கும்' ஒன்றுக்கும் நூறுக்கும் அசையாது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

தெலுங்குக்காரர்கள் இருவரும் உருதுக்காரரும் உடனே பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் மொழியிலும் அது 'எனக்கு'தான். கான்வென்ட்டில் படித்த ஒரு தமிழ்ப் பையன் மட்டும் இங்கிலீஷ் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, "யோ குஸ்தோ" என்றான். அதாவது, "நான் பிடிக்கிறேன்."

"எதப் பிடிக்கிறீங்க, ஸ்டாஃப் பஸ்ஸையா?" என்றேன். வகுப்பே சிரித்தது.

ராஜகோபால் முறை வந்தது. "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று ஸ்பானிஷில் கேட்டேன்.

"என் மனைவிக்கு மல்லிகைப் பூ பிடிக்கும்" என்றார். சுத்தமான வாக்கியம். "ஜி.எம். சாருக்கு டீ பிடிக்கும். என் மகளுக்கு ஜிலேபி பிடிக்கும். எங்கள் போர்மேனுக்குக் கிரிக்கெட் பிடிக்கும்."

"உங்களுக்கு?"

யோசித்தார். பஸ் ஹாரன் அடிக்கும்வரை யோசித்தார்.

"சரி, நாளைக்கு வரும்போது பிடிக்காதது ஒண்ணே ஒண்ணு கொண்டு வாங்க" என்றேன்.

மறுநாள் எல்லோரும் பாகற்காய், மழை, திங்கட்கிழமை என்று சொன்னார்கள். ராஜகோபால் எழுந்து நின்று, கழுத்துப் பட்டனைச் சரிசெய்துகொண்டு, "நோ மே குஸ்தா லா மலேதா" என்றார். எனக்குப் பெட்டி பிடிக்காது. ஊருக்குப் போகும்போது தூக்கிக்கொண்டு போகிறோமே, அந்தப் பெட்டி. "புதுசா ஒண்ணு வாங்கிக்குங்க சார்!" என்றான் கான்வென்ட் பையன். நானும் சிரித்தேன். வாக்கியத்தில் தவறு இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் எனக்கு அக்கறை, தவறு இல்லை.

அடுத்த மாதம் பெருவிலிருந்து எலேனா அம்மாள் வந்தார். ஆலையின் தலைமை இஞ்சினியர். ஐம்பது வயது, குட்டை முடி, ஆண்கள் போடுகிற கனத்த பூட்ஸ். இங்கிலீஷ் கொஞ்சம்தான் தெரியும், அதைப் பேசவும் மாட்டார். நம் வழக்கம் தெரியுமே, விருந்தாளி ஒரு வாய் சாப்பிடுவதற்குள் பிடித்திருக்கிறதா என்று கேட்டாக வேண்டும். ஜி.எம். பிரியாணியைக் காட்டிக் கேட்டார்.

"சோறு எனக்குப் பிடித்திருக்கிறது. மிளகாய்க் குழம்பு பிடிக்கவில்லை. பால் விட்ட டீயும் பிடிக்கவில்லை" என்றார் அந்த அம்மாள், சந்தோஷமாக. அப்படியே சொன்னேன். அந்தக் குழம்பைத் தானே அரைத்துக் கரைத்து வைத்தவர் போல ஜி.எம். முகம் வாடிப்போனார். "நீங்க கொஞ்சம் பார்த்துச் சொல்லக் கூடாதா ஸ்பானிஷ் காரு?" என்றார் என் காதில். அந்த அம்மாளோ இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தார். பிடிக்கவில்லை என்பது அவருக்கு ஒரு தகவல். நமக்கு அது ஒரு சண்டை.

மறுநாள் காலை ஜி.எம். அறையில் நேர்முகம். மேஜைக்கு அந்தப் பக்கம் ஜி.எம்., இந்தப் பக்கம் எலேனா, நடுவில் நான். முதல் நான்கு பேரிடமும் தொழில் கேள்விகளை முடித்துவிட்டு, கடைசியாக ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: உங்களுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது? எங்கள் பிள்ளைகள் வெளுத்து வாங்கினார்கள். பெரு பிடிக்கும், மலை பிடிக்கும், உருளைக்கிழங்கு பிடிக்கும், கால்பந்து பிடிக்கும், செனியோராவின் பூட்ஸ்கூடப் பிடிக்கும். பிடிக்காதது? நாதா. ஒன்றுமில்லை. எண்ணிக்கொண்டே வந்தேன்: பிடித்தவை இருபத்து மூன்று, பிடிக்காதவை சைபர். எலேனா கொட்டாவியைக் கைக்குட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

ஐந்தாவதாக ராஜகோபால் வந்தார். "இவர்தான் எங்க முதல் ஆள்" என்றார் ஜி.எம். பெருமையாக. "எங்க அனுப்பினாலும் போவார். எல்லாம் பிடிக்கும் இவருக்கு." அதை மொழிபெயர்த்தேன். எலேனா ராஜகோபாலைப் பார்த்து, "எல்லாமுமா? பிடிக்காதது ஒன்றுகூட இல்லையா?" என்று கேட்டார்.

ராஜகோபால் என்னைப் பார்க்கவில்லை, ஜி.எம்.மைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளை நேராகப் பார்த்து, "நோ மே குஸ்தா இர், செனியோரா" என்றார். போவது எனக்குப் பிடிக்கவில்லை, அம்மா.

"என்ன சொல்றார்?" என்றார் ஜி.எம்.

நம் தொழிலில் விதி ஒன்று உண்டு. 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. அவராகவே பேச வேண்டும். வாய் விதிப்படிதான் திறந்தது. "போவது எனக்குப் பிடிக்கவில்லை சார்."

"உங்கள யாருங்க அனுப்பறாங்க?"

"எனக்கு இல்ல சார். அவருக்கு."

ஜி.எம். நாற்காலியில் நிமிர்ந்தார். "ராஜகோபால்! என்ன இது? நாற்பது பேர் க்யூவுல நிக்கறான். உனக்குப் பிடிக்கலையா?"

ஸ்பானிஷில் ஒரு நிமிடம் முன்பு அவ்வளவு நேராக நின்ற மனிதர் இங்கிலீஷில் சரிந்துவிட்டார். கண்முன்னே பார்த்தேன். தோள் இறங்கியது, கை இரண்டும் முன்னால் கோத்துக்கொண்டன. "அப்படி இல்ல சார். உங்க இஷ்டம் சார். போறேன் சார்."

"அவ்வளவுதான்" என்றார் ஜி.எம். என்னிடம். "அவர் போவார்னு அம்மாகிட்ட சொல்லுங்க."

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நம் சம்பளத்தை வாங்குகிறோம். மொழிபெயர்ப்பாளனுக்கு இரண்டு திருட்டு வாசல்கள் உண்டு. ஒன்று, சர்க்கரை தூவுவது: "அவருக்குக் கொஞ்சம் கூச்சம், மற்றபடி சம்மதம்." என் பதவி உயர்வை முடிவு செய்யும் ரகசிய அறிக்கையில் கையெழுத்துப் போடுபவர் ஜி.எம். அவர் மகிழ்வார், நான் பிழைப்பேன், ராஜகோபால் பெட்டி கட்டுவார். இன்னொன்று, ஆளைத் தொலைப்பது. நம் அலுவலக இங்கிலீஷுக்கு அது கைவந்த கலை: "இந்த நியமனம் பொருத்தமற்றது என்று கருதப்படுகிறது." யார் கருதுகிறார்? சுவர் கருதுகிறது. எனக்கு, உனக்கு, அவருக்கு என்கிற அந்தச் சின்னச் சொல்லை உருவிவிட்டால் யாருக்கும் ஆபத்தில்லை, யாரும் அங்கே இருக்கவும் இல்லை.

நான் எலேனாவிடம் சொன்னது இது: "'உங்கள் விருப்பம், போகிறேன்' என்று இவர் இங்கிலீஷில் சொன்னார். 'இவர் போவார்' என்று ஜெனரல் மேனேஜர் சொல்கிறார்." இரண்டு பேர் சொன்னதையும் இரண்டு பேர் பெயரிலும் வைத்தேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எலேனா பேனாவை மூடி, அதால் ஜி.எம்.மைக் காட்டினார். "அது இந்த செனியோருக்குப் பிடித்தது. இ ஆ எல்?" இவருக்கு?

கேள்வி ராஜகோபாலுக்கு. எந்த மொழியில் கேட்பது என்று எனக்குக் குழப்பம். ஸ்பானிஷில் இல்லை என்றார், இங்கிலீஷில் சரி என்றார். அந்த அம்மாளின் கேள்வியை எந்த மொழியில் அவர் முன்னால் வைப்பது என்று முடிவு செய்யும் உரிமை என்னுடையது. தமிழில் வைத்தேன். "உங்களுக்கு?" என்றேன். ஒரே சொல்.

காத்திருந்தேன். மேலே மின்விசிறி மட்டும் க்ரீச், க்ரீச் என்றது. நான் எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை. நாக்கு நுனிவரை வந்த 'சொல்லுங்க ராஜகோபால்' என்பதைக்கூட விழுங்கினேன். பிறகு பதில் வந்தது.

"நக்கோ சார்" என்றார். "போதும். கல்யாணம் ஆகி பதினோரு வருஷத்துல ஆறு சைட் பார்த்துட்டேன். எந்த ஊர்ல இருக்கேன்னு காலைல எழுந்து யோசிச்சாத்தான் தெரியுது. நாங்க தமிழ்ல பேசினா எம் பொண்ணு தெலுங்குலதான் பதில் சொல்றா, அது பரவால்ல. போன தடவ வடக்க ஒரு சுரங்கத்துல வேலை முடிச்சு வந்து கதவத் தட்டறேன். கதவத் திறந்து பாத்துட்டு உள்ள திரும்பிக் கத்தறா, 'அம்மா, சுட்டாலு ஒச்சாரு'ன்னு. என்னப் பாத்து சார்! எனக்கு வீட்டுல இருக்கப் பிடிக்கும். அவ்வளவுதான். வேற காரணம் இல்ல. உடம்பு சரியில்ல, அம்மா சீக்குன்னு எழுதத் தெரியாம இல்ல. பிடிக்கல."

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். ஜி.எம். கையைக் காட்டித் தடுத்தார். தமிழ் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் நடுவில் இரண்டு தெலுங்குச் சொற்கள் வந்தன அல்லவா? அவை நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டன.

"சுட்டாலா?" என்றார். விருந்தாளியா? "அப்பாவப் பார்த்தா?"

"ஹவ் சார்."

இரண்டு பேருக்கும் பாக்கியை முழுசாகச் சொன்னேன். முதலில் இங்கிலீஷில், பிறகு ஸ்பானிஷில், 'எனக்கு', 'எனக்கு' என்றே. இந்த முறை யாரை யார் அனுப்புகிறார்கள் என்று ஜி.எம். கேட்கவில்லை.

"ஆறு ஆர்டர்லயும் நான்தானே கையெழுத்துப் போட்டேன்?" என்றார் கடைசியில்.

"ஆமா சார்" என்றார் ராஜகோபால்.

"ஒரு தடவயாவது சொல்லியிருக்கலாமேப்பா?"

"எனக்குப் 'பிடிக்கும்'னு நீங்களே சொல்லிட்டீங்க சார். நடுவுல பூந்து எப்படிச் சொல்றது?"

ஜி.எம். என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது மொழிபெயர்க்க வேண்டிய வாக்கியம் அல்ல என்று முடிவு செய்தேன், எலேனா மட்டும், "என்ன? என்ன?" என்று என் முழங்கையை இடித்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

பிறகு சிக்கலை ஒரு முறுக்கு முறுக்கினார். "எனக்கு இவரைத்தான் பிடித்திருக்கிறது" என்றார், ராஜகோபாலைக் காட்டி.  உண்மையைச் சொன்னதற்குப் பரிசாக மனிதரைப் பெருவுக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ? என் கவலையை மொழிபெயர்க்க எனக்கு உரிமையில்லை. அவர் சொன்னதை மட்டும் சொன்னேன். ராஜகோபால் முகம் வெளுத்தது.

எலேனா தொடர்ந்தார். "அதனால் இவர் இங்கேயே இருக்கட்டும். என் ஆலையில் ராத்திரி பம்பு நின்றால் நாங்கள் சரிசெய்துகொள்வோம். மற்ற நால்வரில் யாராவது வந்து உருளைக்கிழங்கு சாப்பிடட்டும். ஆனால் ஒவ்வொரு பம்பும் இந்த வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் இவருக்குப் பிடித்திருக்க வேண்டும். எனக்கு வேறு கையெழுத்து வேண்டாம்."

ஜி.எம். ஒத்துக்கொண்டார். பெருவுக்குக் கான்வென்ட் பையன் போனான். ஓடினான் என்றுதான் சொல்ல வேண்டும். ராஜகோபால் சோதனைக் கூடத்துக்கு மாற்றப்பட்டார். என் ரகசிய அறிக்கையைப் பற்றி நான் பல நாள் தூங்காமல் கவலைப்பட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அப்போதும் கவலைப்பட்டேன், ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு மீதிப் பதில் என்னவென்றால், ஒருவர் சொல்வதால் அவருக்கு ஆபத்தா என்று நீ கணக்குப் போடாதே அம்மா. அந்தக் கணக்கை அவர் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். நீ பார்க்க வேண்டியது அது யாருக்குப் பிடித்தது, யாருக்குப் பிடிக்காதது என்பது வழியில் தொலையாமல் போய்ச் சேர்கிறதா என்பதை. தவிர, கேட்ட பிறகு காத்திரு. பலரும் பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

முதல் பம்பு அனுப்பும் நாள் வந்தது. லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது. மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கிறது, காகிதங்களோடு நான் காத்திருக்கிறேன். தாமதமாகிறதே என்று ஜி.எம். தாமே கீழே இறங்கிச் சோதனைக் கூடத்துக்கு வந்துவிட்டார். ராஜகோபால் ஓடிக்கொண்டிருந்த பம்பைச் சுற்றி வந்து, பேரிங் இருக்கும் கூட்டின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ராஜகோபால்," என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார் ஜி.எம்., "உனக்குப் பிடிச்சிரு..." அங்கேயே நிறுத்திக்கொண்டார். வாட்ச்சைப் பார்க்கப் போன கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கேள்வியைத் திருத்திக் கேட்டார். "பிடிச்சிருக்கா, இல்லையா?"

ராஜகோபால் கையை எடுக்கவில்லை. தோளும் இறங்கவில்லை. "இல்ல சார்" என்றார், அதே இங்கிலீஷில். "இந்தச் சூடு எனக்குப் பிடிக்கல."

ஜி.எம். பம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்; நான் மொழிபெயர்க்க அங்கே ஒன்றும் இல்லை. பிறகு வாசல் பக்கம் திரும்பி, லாரிக்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வண்டிய ஓரமா நிறுத்திட்டு டீ குடிச்சிட்டு வாப்பா."